ராகு காலத்தில் பார்த்த கோடு

சனிக்கிழமை என்றால் காலை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை நாலரை முதல் ஆறு. இந்த இரண்டும் எனக்கு மனப்பாடம். மற்ற நாட்களுக்கு யாராவது கேட்டால் காலண்டரைப் பார்த்துத்தான் சொல்வேன். இப்போது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் நர்ஸுகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கோயில் வாசலைக்கூட மிதிக்காதவளுக்கு ராகு காலம் எதற்கு என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் கோபம் வரும். கோபம் வந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது.

கோவில்பட்டிக்கு வெளியே, எட்டயபுரம் ரோட்டில், பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருந்தது நான் படித்த நர்சிங் கல்லூரி. நடத்தியவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, மாணவிகளுக்கு மட்டும் ஐயா. கெட்டவர் என்று வாய்கூசாமல் என்னால் சொல்ல முடியாது. கொரோனா வந்த பிள்ளைகளுக்கு அவர் வீட்டிலிருந்தே தினமும் தூக்குச்சட்டியில் கபசுரக் குடிநீர் வரும். யாராவது அழுகிறாள் என்று கேள்விப்பட்டால் போன் போட்டுப் பேசுவார். ஆனால் நேரம் பார்க்காமல் அந்த மனுஷன் தும்மக்கூட மாட்டார் என்று விடுதியில் கேலி பேசுவோம். அவர் ஆபீஸிலிருந்து லோடு லாரி கிளம்புவதென்றாலும் ராகு காலம் கழிந்துதான் கிளம்பும். எங்களுடைய விளக்கேற்றும் விழாவன்று, ராகு காலம் போகட்டும் என்று, பற்றவைக்காத மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு முழுவதும் வெயிலில் நின்றது. மெழுகுவர்த்தி வளைந்துவிட்டது. அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய சிரிப்பாக இருந்தது.

டிவியில் மூன்றாவது அலை என்று சொல்லிக்கொண்டிருந்த தை மாதம். வார்டு டியூட்டிக்குப் போய்வந்த எங்கள் வகுப்பில் பாதிப் பேர் படுத்துவிட்டோம். எனக்கு லேசான காய்ச்சல், தொண்டையில் கரகரப்பு, அவ்வளவுதான். கடைசிக் கட்டடத்தில் பழைய கம்ப்யூட்டர் அறைகளைக் காலி செய்து எங்களை அதில் போட்டார்கள். கிரில் கதவுக்கு வெளியே பூட்டு. சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, வார்டன் அக்கா தூரத்தில் போய் நின்றுகொண்டு சாப்பிடச் சொல்லிச் சத்தம் கொடுப்பார். என் அறையில் கூட இருந்தவள் கடம்பூர்க்காரி. வாசனை தெரியாமல் போனதால் சாம்பாருக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்லிச் சொல்லி இரண்டையும் ஒன்றாகக் குடிப்பாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கறுப்பு மண், வெடித்துச் சிதறிய பருத்தி, அதற்கு மேலே வானம். மழை நின்று வெகுநாளாகி மண் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது.

ஒரு வாரம் கழிந்தால் வெளியே விட்டுவிடலாம் என்பதுதான் அப்போது எங்கேயும் இருந்த வழக்கம். எங்கள் கல்லூரியில் அது போதவில்லை. அப்படி விடப்பட்ட ஒருத்தி ஊருக்குப் போனதும் அவள் வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவளுடைய மாமா வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து, வாரம் முடிந்தவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் கார்டு போட்டுப் பார்ப்பது, ஒரே கோடு வந்தால்தான் கதவைத் திறப்பது என்றாகிவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கார்டு என்பது விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. மூக்கில் குச்சியை விட்டு எடுத்ததை மருந்துத் தண்ணீரில் கலக்கி அதில் சொட்டு விட வேண்டும். கால் மணி நேரத்தில் கோடு தெரியும். ஒரு கோடு மட்டும் வந்தால் கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது, கிருமி தென்படவில்லை என்று அர்த்தம். இரண்டாவது கோடும் வந்தால், அது எவ்வளவு வெளிறிக் கிடந்தாலும், கிருமி இன்னும் போகவில்லை. அரை மணிக்கு மேல் கிடந்த கார்டு என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. காயக் காய இல்லாத கோடுகூட அதில் எழும்பும். டப்பாவுக்குள் மடித்துவைத்திருக்கும் தாளிலேயே இது இருக்கிறது. எங்களுக்குப் பாடமாகவும் நடத்தினார்கள்.

கார்டு போடுவதற்கு டவுனிலிருந்து லேப் டெக்னீஷியன் ஒருவர் பைக்கில் வருவார். போட்டு, ஜன்னலுக்கு வெளியே திண்டில் ஒரு அலுமினியத் தட்டில் அடுக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடிவிடுவார். தீர்ப்புச் சொல்வது அண்ணாச்சி. பெற்றவர்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும், என் கண்ணால் பார்க்காமல் ஒரு பிள்ளையையும் வெளியே விட மாட்டேன் என்பார். பிள்ளைகளை வெளியே விடுவது நல்ல காரியம், அதை நல்ல நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்வார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வியாழக்கிழமை எனக்கு முதல்முறை கார்டு போட்டார்கள். காலையில் வெள்ளெனப் போட்டு, கால் மணியில் அண்ணாச்சியும் வந்து பார்த்துவிட்டார். இரண்டாவது கோடு இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன். இருக்கிற கோட்டை இல்லை என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். இடைசெவலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காட்டில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே செடி மேல் சாய்ந்துவிட்டார். லோடு ஆட்டோவில் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மாரடைப்பு, அதுவும் இரண்டாவது தடவை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் கொண்டுபோகிற நிலையில் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். கொரோனா இருக்கிறதா என்று அவருக்கும் ஒரு கார்டு போட்டுப் பார்த்தார்கள். ஒரே கோடுதான். அதை அம்மா நல்ல செய்தி போலச் சொன்னாள்.

அப்பாவுக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, பேச என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஆள். நான் விடுதிக்கு வந்த நாளிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நானும் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று அதற்கு அர்த்தம். நாங்கள் இரண்டு பேரும் போனை எடுத்துப் பேசியது எத்தனை தடவை என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. அந்த வியாழக்கிழமை மிஸ்டு கால் வரவில்லை. எனக்குத்தான் விஷயம் தெரியுமே, ஆனாலும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவின் குரல் மாறியிருந்தது.

“ஏட்டி, கதவு தொறக்கும்போதெல்லாம் அவிய தலைய தூக்கித் தூக்கிப் பாக்காக. ஒன்னத்தான் தேடுதாக. எப்படியாவது வந்துரு.”

நான் வார்டன் அக்காவிடம் சொன்னேன். அவர் அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சியே எனக்குப் போன் செய்து, உங்க அப்பாவே நோயாளி, நீ போய் அவருக்கு ஒட்டவைத்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். பிறகு, நாளைக் காலையில் கார்டு சுத்தமாக இருந்தால் என் காரிலேயே உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னார். அதைக் கேட்டு நான் அழுதேன். நன்றியில்தான் அழுதேன். இன்றைக்கு நினைத்தால் அந்த அழுகைக்காக என்னையே அறையலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை விடியும் முன்பே குளித்து, பையைக் கட்டி, கட்டில் காலில் சாய்த்து வைத்துவிட்டேன். டெக்னீஷியன் வழக்கமாக வரும் நேரத்துக்கு வரவில்லை. வழியில் பைக் பஞ்சர். அவர் வந்து சேர்ந்தபோது ஒன்பது அடிக்கப் போகிறது. எனக்கும் கடம்பூர்க்காரிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அவசர அவசரமாக மூக்கில் குச்சியை விட்டு, சொட்டு விட்டு, கார்டுகளைத் தட்டில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கார்டையும் போனில் நேரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கால் மணி ஆனது. ஒரே கோடு. நன்றாக, அழுத்தமாக ஒரே கோடு. அடுத்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். வெள்ளைதான்.

வார்டன் அக்கா வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனசுக்காரர் இல்லை. முன்பு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், அண்ணாச்சி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். நான் அவரைக் கூப்பிட்டு, அக்கா, வந்து பாருங்கள், ஒரே கோடுதான் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி பூஜையில் இருப்பதாகவும், ராகு காலம் கழிந்து பத்தரைக்கு வருவார் என்றும் சொன்னார். பத்தரைக்குப் பார்த்தால் அது செல்லாது, கார்டு காய்ந்துபோகும், இப்போதே ஒரு தரம் பாருங்கள் என்றேன். நீங்கள் பார்த்தால் போதும், போனில் அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

“நீ பாத்தது ராகு காலத்துல பாத்ததுட்டி. அது கணக்குல வராது.”

வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். பூஜையறைக்குள் போன் போகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. லேபுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மருந்துக்கடையில் புதுக் கார்டு வாங்கிவரச் சொல்லுங்கள், பத்தரைக்கு நானே எனக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். லேப் ஆள் போட்ட கார்டைத்தான் அண்ணாச்சி ஒப்புக்கொள்வார் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா என்பார்கள். பூசாரியாவது கோயிலில் இருப்பான். எங்கள் பூசாரி வீட்டுப் பூஜையறையில் இருந்தார்.

வெயில் ஏறி ஜன்னல் திண்டுக்கு வந்தது. தட்டு சுட்டிருக்கும். நகர்த்தி வைக்கலாம் என்றால் கம்பிக்கு இடையில் விரல்தான் நுழைந்தது, தட்டு எட்டவில்லை. நான் என் கார்டை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பத்து மணி வாக்கில் அந்த வெள்ளை இடத்தில் ஏதோ தெரிந்தது. கம்பியின் நிழல் என்று நினைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன், நிழல் நகர்ந்தது, அது நகரவில்லை. ரப்பரால் அழித்த பிறகும் நோட்டில் மிஞ்சும் பென்சில் தடம் மாதிரி ஒரு கோடு. கடம்பூர்க்காரியும் பார்த்தாள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கார்டில் எதுவும் எழும்பவில்லை. ஏன் எனக்கு எழும்பியது, அவளுக்கு எழும்பவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் அரை மணிக்கு மேல் பார்க்காதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

பத்தரை கழிந்ததும் அண்ணாச்சி வந்தார். நெற்றி நிறைய விபூதி, முகத்தில் இரண்டு மாஸ்க். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார். வெகு கவனமாகத்தான் பார்த்தார். கடம்பூர்க்காரியைப் போகச் சொன்னார். மற்ற இருவரில் ஒருத்தியைப் போகச் சொன்னார். என்னிடம் வந்தபோது அவருக்கே சங்கடமாக இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கால் மணிக் கணக்கைச் சொன்னேன், தாளில் எழுதியிருப்பதைச் சொன்னேன், போனில் எடுத்த படத்தைக் கம்பி வழியாக நீட்டிக் காட்டினேன்.

“படத்துல தெரியல, சரிம்மா. கார்டுல தெரியுதுல்லா? தெரியுத கோட்டத் தெரியலன்னு நான் எப்படிம்மா சொல்ல?”

திங்கட்கிழமை மறுபடி போடச் சொல்கிறேன், உங்க அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, நான் வேண்டிக்கொள்கிறேன் என்றார். ஐயா, வாசலில் நின்று பார்த்துவிட்டாவது வந்துவிடுகிறேன், கிட்டப் போகமாட்டேன் என்றேன். அவர் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார். அப்போது நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. அதுவரை அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

கடம்பூர்க்காரி பையைத் தூக்கிக்கொண்டு போகாமல் நின்றாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைப் பார்த்து, நீ திங்கட்கிழமை வருவாய் என்று சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். போ என்றேன். அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன்.

மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. பேசவே முடியாமல் அழுதாள். இரண்டு மாஸ்க் போட்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி அவள் வார்டுக்குள் போயிருக்கிறாள். வெள்ளைச் சுடிதார், கல்லூரி அடையாள அட்டை, என் உயரம். அப்பா தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

“வந்துட்டியா தாயி?”

அவ்வளவுதான் கேட்டாராம். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று, ஆமாம் என்று சொல்லு என்று கண்ணைக் காட்டியிருக்கிறாள். ஆமாப்பா என்று சொல்லிவிட்டாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தார். அதற்குப் பிறகு கதவைப் பார்க்கவில்லையாம்.

அம்மா அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைகிறாள். மகளைப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியில்தான் அவிய கண்ணை மூடினாக என்கிறாள். அவளுக்கு அது ஆறுதல். எனக்கு அதுதான் ஆறவே இல்லை. அவர் என்னைத் தேடினார், நான் வந்துவிட்டேன் என்று நம்பித் தேடுவதை நிறுத்திக்கொண்டார். தேடிக்கொண்டே இருந்திருந்தால் திங்கட்கிழமை வரைக்கும் இருந்திருப்பாரோ என்று நினைக்கிறேன். இருதயத்தைப் பற்றிய பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதியவள் இப்படி நினைப்பது மடத்தனம். தெரிந்தும் நினைக்கிறேன். கடம்பூர்க்காரி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அவள் கையைப் பார்க்க முடியாமல் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா போய்விட்டார். எங்கள் பக்கத்தில், இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு மகள் வந்து நிற்காமல் தூக்க மாட்டார்கள். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும், பிள்ளையை அனுப்புங்கள் என்று சித்தப்பா கல்லூரிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை கட்டிய பை அப்படியே கட்டில் காலில் சாய்ந்திருந்தது.

கார் சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் கார்தான். டிரைவர் மட்டும் வந்திருந்தார். வார்டன் அக்கா வந்து கிரில் கதவின் பூட்டைத் திறந்தார். லேப் டெக்னீஷியன் வரவில்லை. தட்டு இல்லை, குச்சி இல்லை, கார்டு இல்லை. என் மூக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்னைத் தொடாமல் இரண்டு புது மாஸ்க்கை நீட்டினார். எதேச்சையாகத்தான் வராந்தாவில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி.

“அக்கா, ராகு காலம்” என்றேன்.

அவர் கேலி என்று நினைக்கவில்லை. நிஜமாகவே நான் பயந்து கேட்கிறேன் என்று நினைத்து, எனக்குத் தைரியம் சொல்கிற குரலில் பதில் சொன்னார்.

“கெட்ட காரியத்துக்குப் போறதுக்கு அதெல்லாம் பாக்க வேண்டாம்ட்டி. ஏறு.”

ஏறினேன். ஊருக்குப் போகும் வழியில் கார் அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டித்தான் போனது. கல்லூரியிலிருந்து அங்கே வர கால் மணிகூட ஆகவில்லை.